தோட்டாப் பெட்டியைக் காட்டிக் குழலை மாற்றச் சொல்பவர்களிடம் எச்சரிக்கை

கோலாலம்பூர் வட்டாரத்துச் சுடும் மன்றங்களில் பயிற்சி செய்யும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். "குண்டின் வேகம் குறைந்துவிட்டது, குழல் தேய்ந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், உடனே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்.

என் பாயிண்ட் 22 ரைஃபிளைப் பராமரிப்புக்காக உரிமம் பெற்ற கடை ஒன்றில் ஒப்படைத்திருந்தேன். திரும்ப எடுக்கப் போனபோது கடைக்காரர் ஒரு தாளைக் காட்டினார். தோட்டாப் பெட்டியில் அச்சாகியிருந்த வேகம் வினாடிக்கு 1070 அடி. அவருடைய வேகமானி காட்டியதோ 1020 அடியை ஒட்டிய எண்கள். "ஐம்பது அடி எங்கே போயிற்று சார்? குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகள் தேய்ந்து வாயு கசிகிறது. குழலை மாற்றாமல் போட்டிக்குப் போகாதீர்கள்" என்றார். 800 ரிங்கிட் முன்பணம் வாங்கிக்கொண்டார். ரசீதில் "பராமரிப்பு" என்று மட்டுமே எழுதினார்.

மன்றத்தின் மூத்த பயிற்றுநர் அண்ணன் அந்தத் தாளைப் பார்த்ததும் கொதித்துப்போனார். "தம்பி, பெட்டியில் இருப்பது உன் துப்பாக்கியில் அளந்த எண்ணா?" என்று கேட்டார். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்கத் தொழில் தரவிதிப்படி இவ்வகைத் தோட்டாவை 24 அங்குலச் சோதனைக் குழலில், தோட்டா அமரும் அறையை இறுக்கமான அளவில் கடைந்து, சுமார் 21 பாகை வெப்பத்தில் சுட்டு அளக்கிறார்கள். என் போட்டி ரைஃபிளின் குழல் அதைவிட நீளம். நீளம் கூடினால் வேகமும் கூட வேண்டும் என்பது கடைக்காரரின் கணக்கு. பெரிய ரகத் தோட்டாக்களுக்கு அது ஓரளவு பொருந்தும். பாயிண்ட் 22 தோட்டாவில் இருப்பதோ சிட்டிகை வெடிமருந்து. குழலில் 16 முதல் 19 அங்குலத்தைக் கடப்பதற்குள் வாயுவின் தள்ளுவிசை ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. அதற்குமேல் குண்டு உராய்வை எதிர்த்துத்தான் நகர்கிறது. நீளக் குழலில் வேகம் குறைவது இயல்பு. இதை அறியாமல் ஒருவர் துப்பாக்கிக் கடை நடத்த முடியாது. அறிந்தே சொன்னார் என்பதுதான் என் ஆத்திரம்.

அவர் அளந்த விதமும் சரியில்லை. கடையின் பின்கட்டில், குழல்விளக்கு வெளிச்சத்தில், ஒளியுணரி வேகமானியை வைத்து அளந்திருக்கிறார். பழைய குழல்விளக்கு நம் மின்சாரத்தில் வினாடிக்கு நூறு முறை சிமிட்டும். அந்தக் கருவி குண்டின் நிழலைப் பார்த்து நேரம் கணிக்கிறது. எண் தடுமாறாமல் என்ன செய்யும்? தோட்டாவுக்குத் தோட்டா, தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி வேகம் மாறுவது வேறு கதை.

"நம் ஊர் வெப்பத்தில் மருந்து செத்துவிடும்" என்று சொல்லிப் புதுப் பெட்டிகளையும் விற்கப் பார்த்தார். வெப்பத்தில் மருந்து சற்று வேகமாகவே எரியும். சோதனைக்கூடத்தைவிட நம் ஊரில் வேகம் கொஞ்சம் ஏறலாமே தவிர, அதனால் இறங்காது.

அண்ணன் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். அதே பெட்டித் தோட்டாக்களை, அதே நீளக் குழலுள்ள இன்னொருவர் ரைஃபிளில், திறந்த வெளியில் நல்ல வேகமானி வைத்துச் சுட்டோம். அதிலும் 1070 வரவில்லை. இரண்டு ரைஃபிள்களும் கிட்டத்தட்ட ஒரே வேகம் காட்டின. அந்த ரைஃபிள் வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. பிறகு 50 மீட்டரில் என் இலக்குத் தாளைப் பார்த்தோம். குண்டுகள் எப்போதும்போல் நெருக்கமாகவே விழுந்திருந்தன. குழல் தேய்ந்திருந்தால் முதலில் சிதறுவது அந்தக் கூட்டம்தான். மென்மையான ஈயக்குண்டு பல்லாயிரம் முறை போனாலும் இந்தக் குழல்கள் தாங்கும். நம் ஈரப்பதத்தில் துருவும், முரட்டுத்தனமாகச் செருகும் துப்புரவுக் கம்பியும்தான் அவற்றைக் கெடுக்கின்றன.

கடைக்காரரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "குழலுக்கு ஆர்டர் போட்டாகிவிட்டது" என்றார். ஆர்டர் கடிதத்தைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை ஏற்கிறார்கள். இதே கதையை உங்களிடமும் யாராவது சொல்லியிருந்தால், ரசீதையும் அவர் எழுதிக் கொடுத்த தாளையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். முன்பணம் எதற்கு என்பதைப் பொருளின் பெயரோடு எழுதித் தராத கடையில் ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள்.