சீன ஹாம்ஸ்டரா, ரோபோரோவ்ஸ்கியா?

ஹாம்ஸ்டர் என்பது எலியைப் போன்ற சின்ன வளர்ப்புப் பிராணி. எல்லாக் கடையிலும் கிடைக்கும் சிரிய ஹாம்ஸ்டர் வேண்டாம், கொஞ்சம் அரிதான இனமாக இருக்கட்டும் என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் சீன ஹாம்ஸ்டர், ரோபோரோவ்ஸ்கி ஹாம்ஸ்டர் என்ற இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திண்டாடுவார்கள். நான் இரண்டையும் வளர்த்திருக்கிறேன். இப்போது வீட்டில் இருப்பது சீன ஹாம்ஸ்டர். இனி வாங்கினாலும் அதையேதான் வாங்குவேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

அழகை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ரஷ்யப் பயணி ரோபோரோவ்ஸ்கியின் பெயரைத் தாங்கிய அந்தக் கோபி பாலைவனத்துக் குள்ளன்தான் வளர்ப்பு ஹாம்ஸ்டர்களிலேயே சிறியது: நீளம் ஐந்து சென்டிமீட்டர், எடை 20 முதல் 25 கிராம், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். சீன ஹாம்ஸ்டர் ஏறக்குறைய இருமடங்கு நீளம், ஒல்லி, முதுகில் கரும்பட்டை, ஹாம்ஸ்டருக்குச் சற்று நீளமான வால். முதல் பார்வையில் சுண்டெலி என்றே தோன்றும். ஆணுக்கு விரைப்பை உடலுக்குப் பொருந்தாத அளவில் பெரிது. வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன கட்டி என்று கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

தீனி, சக்கரம், குளிக்க மணல் ஆகியவற்றில் பெரிய வேறுபாடு இல்லை. கம்பிக் கூண்டு இரண்டுக்கும் ஆகாது. இடுக்கில் நுழைந்து போய்விடும். வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டிதான் சரி. இரண்டையும் தனியாக வைப்பதே நல்லது. ரோபோரோவ்ஸ்கியைக் கடைகளில் ஜோடியாக விற்பார்கள். நன்றாகப் பழகிய ஜோடியும் ஒருநாள் கடித்துக்கொள்ளக்கூடும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: கையில் எடுக்க முடிகிறதா? இதைக் கொஞ்சி விளையாடும் விஷயமாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது உயிர் சம்பந்தப்பட்டது. வேட்டையாடப்படும் பிராணி தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பதுதான் நம்மிடம் உள்ள முக்கியமான எச்சரிக்கை மணி. 22 கிராம் உள்ள பிராணி இரண்டு கிராம் இளைத்தால் உடலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். கண்ணுக்கு அது தெரியாது.

ரோபோரோவ்ஸ்கி பெரும்பாலும் கடிப்பதில்லை, ஓரிடத்தில் நிற்பதுமில்லை. உயரம் பற்றிய அச்சமின்றி உள்ளங்கையிலிருந்து பாய்ந்துவிடும். தொட்டிக்குள் ஒரு கோப்பையைச் சாய்த்து வைத்து, அது நுழைந்ததும் கோப்பையோடு நிறுப்பேன். எடை தெரியும்; பல்லையும் அடிவயிற்றையும் பார்க்க வழியே இல்லை. சீன ஹாம்ஸ்டர் பழகிய பின் தானாகவே கையில் ஏறும். நான்கு காலாலும் விரலைக் கட்டிக்கொண்டு, வாலையும் துணைக்கு ஊன்றிக்கொள்ளும். தராசுக் கிண்ணத்தில் உட்கார்ந்து பூசணி விதை தின்னும். அந்த நேரத்தில் பல், கண், வால்பகுதி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

இந்தச் சோதனை அதற்குக் கட்டாயம் தேவை. சீன ஹாம்ஸ்டரின் சில வம்சங்களில் நீரிழிவு பரம்பரையாக வரும் என்பது 1950களின் இறுதியிலேயே ஆய்வுக்கூடங்களில் தெரிந்த செய்தி. (அதே இனத்தின் சூலகத்திலிருந்து 1957இல் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் பக் வளர்த்தெடுத்த செல்களின் வழித்தோன்றல்களில்தான் இன்று பல உயிரி மருந்துகள் தயாராகின்றன.) தண்ணீர் அதிகம் குடிப்பது, படுக்கை ஈரமாவது, எடை குறைவது ஆகியவை அடையாளங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சர்க்கரைப் பட்டையை வைத்தும் பார்க்கலாம். என் வீட்டில் அதற்குப் பழமே கிடையாது.

நான் வளர்த்தவை ஆண் சீன ஹாம்ஸ்டர்கள் மட்டுமே. பெண்கள் கொஞ்சம் முரடு என்று வளர்ப்பாளர்கள் சொல்கிறார்கள். என் அனுபவத்தை வைத்து அதை ஒத்துக்கொள்ளவோ மறுக்கவோ முடியாது. என் ரோபோரோவ்ஸ்கிகளும் வளர்ந்த பிறகு கடையில் வாங்கியவை. குட்டியிலிருந்தே கையில் பழகியவை சற்று நிதானமாக இருக்கலாம்.

தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும் என்பவருக்கு ரோபோரோவ்ஸ்கிதான் பொருத்தம். மணலை நிறையக் கொட்டிவைத்தால் இரவெல்லாம் ஓட்டம்தான். சீன ஹாம்ஸ்டருக்கு வளர்ப்பாளரிடம் பதிவு செய்து காத்திருக்க வேண்டிவரும். காத்திருக்கும்போதே அவரிடம் கேளுங்கள்: இதன் தாய் தந்தைக்கும் அவற்றின் பெற்றோருக்கும் சர்க்கரை இருந்ததா? மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.