கூர் தீட்டிய மண்வெட்டி: ரெமார்க்கின் போர் நாவல்

நாவல் சோற்றில் தொடங்குகிறது. ஜெர்மன் படையின் இரண்டாம் கம்பெனிக்கு 150 பேர் கணக்கில் பீன்ஸும் இறைச்சியும் வெந்திருக்கிறது. முன்வரிசையிலிருந்து திரும்பியவர்கள் 80 பேர். 150 பேர் சாப்பாட்டை 80 பேருக்குப் போட முடியாது என்று சமையல்காரன் கரண்டியை இறக்க மறுக்கிறான். "இரண்டாம் கம்பெனிக்குத்தானே ரேஷன் வாங்கினாய், நாங்கள்தான் இரண்டாம் கம்பெனி" என்பது மற்றவர்கள் வாதம். பட்டாளத்துச் சமையல்கூடமான லங்கர் வரிசையில் தட்டோடு நின்றவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் இந்தச் சண்டையை விளக்க வேண்டியதில்லை. செத்தவர்கள் பங்கையும் சேர்த்து வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள் என்பது படிப்பவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும்.

எரிக் மரியா ரெமார்க்கின் 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' ஜெர்மனியில் 1929இல் நூலாக வந்தது. சென்னையில் 1914இல் குண்டு போட்ட கப்பலை வைத்து 'எம்டன்' என்றொரு சொல்லை இன்றும் புழங்குகிறோமே, அதே முதல் உலகப்போரின் தரைப்பக்கம் இது. ரெமார்க் 1916 நவம்பரில் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டார். 1917 ஜூனில் களத்துக்குப் போனார். ஜூலை 31இல் பீரங்கி ஷெல் சிதறலில் காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ஏழு வாரம்! அதை வைத்து இவ்வளவா என்று கேட்கலாம். அவருக்குக் கிடைத்த வேலை முள்வேலி போடுவது, பதுங்கு குழி வெட்டுவது. கருவியைக் கையில் பிடித்தவன் எழுத்து என்பது அதனால்தான் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

உதாரணம் மண்வெட்டி. நம் மம்பட்டி போல வளைந்தது இல்லை, நேர்த்தகடு, குட்டைப்பிடி. கைகலப்பில் துப்பாக்கிமுனைக் கத்தியை விட இதுதான் மேல் என்கிறான் கதைசொல்லி பவுல். குத்திய கத்தி உடம்பில் மாட்டிக்கொள்ளும், எதிரி வயிற்றில் உதைத்துத்தான் உருவ வேண்டும், அதற்குள் உன்னை ஒருவன் முடித்துவிடுவான். கூர் தீட்டிய மண்வெட்டிக்கு எடை உண்டு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே விழுந்தால் நெஞ்சு வரை பிளக்கும். கத்தியின் முதுகில் ரம்பப்பல் இருந்தால் முதல் வேலையாக மாற்றிவிட வேண்டும். அதோடு பிடிபட்டவனை எதிரி உயிரோடு விடமாட்டான்.

விஷப்புகைப் பகுதிதான் நூலின் உச்சம். முகமூடி போட்ட முதல் சில நிமிடங்கள், காற்று கசிகிறதா இல்லையா என்பதிலேயே உயிர் தொங்குகிறது. புகை காற்றை விடக் கனம். மேட்டில் கலைந்த பிறகும் பள்ளத்தில் தேங்கிக் கிடக்கும். புதிதாக வந்த பையன்கள் மேட்டில் நிற்பவர்கள் முகமூடியைக் கழற்றுவதைப் பார்த்து, ஷெல் விழுந்த குழிக்குள் இருந்தபடியே தாங்களும் கழற்றிச் சாகிறார்கள். வாடையா கச்சானா சோழகமா என்று காற்றைப் பார்த்து வள்ளத்தைத் தள்ளும் தொண்டி, தேவிபட்டினத்துக்காரர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். தரையோடு ஊரும் ஒன்றைப் பற்றிய எச்சரிக்கை இது.

பேன் கொல்லும் முறையும் உண்டு: பூட்ஸ் பாலிஷ் டப்பா மூடியைக் கம்பியில் கட்டி மெழுகுவத்தி மேல் தொங்கவிடு, பிடித்துப் போடு, படபடவென்று வெடிக்கும். எலி கடித்த ரொட்டித் துண்டுகளைத் தரை நடுவே குவித்து, இருட்டில் காத்திருந்து, டார்ச் அடித்து மண்வெட்டியால் அடிப்பார்கள். கால் வெட்டப்பட்டுச் சாகக் கிடப்பவனின் மெத்தென்ற பூட்ஸ் ஆள் மாறி ஆள் மாறிப் போகிறது. அதை அணிபவர்களை எண்ணிக்கொண்டே வாருங்கள்.

குறையும் உண்டு. எந்த ஊர், எந்தத் தேதி, எந்தப் படைப்பிரிவு என்பது பெரும்பாலும் தெரியாது. மேப் விரித்துப் படிக்கும் பழைய ஹவில்தார்களுக்கு எரிச்சல் வரும். அதிகாரிகள் எப்போதாவதுதான் தலைகாட்டுகிறார்கள். 'எங்கள் தலைமுறை தொலைந்தது' என்று பவுல் சிந்திக்க உட்காரும் இடங்கள் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன; கையில் வேலை இல்லாதபோது எழுத்தும் தளர்கிறது. கடைசி இரண்டு அத்தியாயங்களில் ஆட்கள் வரிசையாக விழும் வேகம், போரின் வேகமா ஆசிரியரின் அவசரமா என்று தோன்றுவதும் உண்மை.

ஆங்கிலத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகள் பரவலாகக் கிடைக்கின்றன. ஏ. டபிள்யூ. வீன் 1929இல் செய்தது பழையது. அவரே அந்தப் போரில் சண்டையிட்ட ஆஸ்திரேலியர், ஆயுதச் சொற்களில் தடுமாற்றம் இல்லை, பேச்சு மட்டும் அந்தக்கால இங்கிலீஷ். பிரையன் மர்டாக் 1993இல் செய்தது சரளம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு மர்டாக், ஓய்வுபெற்றவர்களுக்கு வீன். ஜெர்மன் தலைப்பின் நேர்ப்பொருள் 'மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை' என்பது. கடைசிப் பக்கத்தில் அந்த வரி வரும்போது ஆங்கிலத் தலைப்பின் 'அமைதி'யை விட இதுவே சுடுகிறது.

வீட்டில் யாராவது பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தால் ஏழாம் அத்தியாயத்தை மட்டும் முதலில் நீங்கள் படித்துவிடுங்கள். பவுல் ஊருக்கு வருகிறான். பெரியவர்கள் அவனைப் பிடித்து உட்காரவைத்து, எதிரி வரிசையை எங்கே உடைத்துக்கொண்டு போக வேண்டும் என்று அவனுக்கே பாடம் எடுக்கிறார்கள். "அங்கே எப்படி இருக்கு?" என்று வந்தவரிடம் கேட்பதா வேண்டாமா என்பதை அதன்பின் முடிவு செய்துகொள்ளலாம்.