குழந்தைகள் ஐசியு, ஒரு மதிப்பீடு: கருவியில் குறையில்லை, கை மாறும் இடத்தில் கண் வேண்டும்

இந்தச் சேவையை யாரும் நாலு இடம் விசாரித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறதோ அங்கே கிடைப்பதுதான். எனவே எந்த ஐசியு சிறந்தது என்று பட்டியல் போடுவதில் பயன் குறைவு. கிடைத்த இடத்தில் எது தானாகவே நன்றாக நடக்கும், எதைப் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவிகள், மருந்துகள், அவசர நேரத்து வேகம் எல்லாம் நன்றாகத் தேறியவை. சறுக்கல் பெரும்பாலும் கை மாறும்போதுதான் வருகிறது: டியூட்டி மாறும் நேரம், சிரிஞ்ச் மாற்றும் நேரம், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் நேரம், வார்டுக்கு அனுப்பும் நாள்.

இது இந்தச் சேவையோடு பிறந்த குணம் என்றே சொல்லலாம். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். இன்றைய ஐசியு அங்கிருந்து வளர்ந்தது. பையின் இடத்தில் வென்டிலேட்டர் வந்துவிட்டது. முறை மாறுவது மட்டும் மாறவில்லை.

முதலில் ஆள் கணக்கு. வென்டிலேட்டரில் உள்ள குழந்தைக்கு ஒரு நர்ஸ், ஓரளவு நிலையாக இருக்கும் குழந்தைகள் இருவருக்கு ஒரு நர்ஸ் என்பது நல்ல அமைப்பு. பகலில் இதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட வேண்டாம். இரவில் எத்தனை பேர், மூச்சுக்குழாய் போடத் தெரிந்த டாக்டர் இரவிலும் பிரிவுக்குள்ளேயே இருக்கிறாரா, அழைத்தால்தான் வருவாரா என்று கேளுங்கள். விலையுயர்ந்த வென்டிலேட்டரைவிட இந்தப் பதிலுக்கு நாங்கள் கூடுதல் மதிப்பெண் தருவோம்.

மானிட்டர்தான் பெற்றோரின் கண்ணை முதலில் பிடிக்கிறது. அதற்குக் கிடைக்கும் கவனம் அதன் தகுதிக்கு அதிகம். கைக்குழந்தைக்கு இதயத்துடிப்பு 140 என்பது இயல்பு. பெரியவர்களின் 72ஐ மனதில் வைத்துப் பார்த்தால் வீண் பயம்தான். ஆக்சிஜன் அளவும் அப்படியே. சிலவகைப் பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தைக்கு 75 முதல் 85 சதவீதமே இலக்கு. ஆகவே “இவனுக்கு எந்த எண்ணுக்குக் கீழே போனால் நீங்கள் கவலைப்படுவீர்கள்?” என்று கேட்டு, அந்த எல்லையை மட்டும் நினைவில் வையுங்கள். அடிக்கும் அலாரங்களில் பெரும்பாலானவை குழந்தை காலை உதறியதாலோ, விரல் சில்லிட்டதாலோ, சென்சார் நழுவியதாலோ வருபவை. எண்ணுக்குப் பக்கத்தில் ஓடும் அலை சீராக இல்லாமல் கிறுக்கலாக இருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். அலை சீராக இருந்து எண் இறங்கினால் உடனே கூப்பிடுங்கள். அந்தச் சென்சாரைச் சில மணிநேரத்துக்கு ஒருமுறை வேறு விரலுக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அந்த இடத்தில் தோல் புண்ணாகும்.

மானிட்டர் தாமதமாகச் சொல்வதும் உண்டு. குழந்தையின் ரத்த அழுத்தம் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டுச் சட்டென்று விழும். அதற்கு முன்பே துடிப்பு ஏறும், கைகால் சில்லிடும், நெஞ்சுத்தோலை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் நிறம் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆகும், சிறுநீர் குறையும். கைக்குழந்தைக்கு மணிக்கு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1 மில்லி சிறுநீராவது வர வேண்டும். ஈரமான டயப்பரை எடைபோட்டுத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். 1 கிராம் கூடினால் 1 மில்லி. உதவி செய்வதாக நினைத்து டயப்பரை மாற்றிக் குப்பையில் போட்டுவிட்டால் அந்தக் கணக்கு போய்விடும். எடுத்து வைத்து நர்ஸிடம் கொடுங்கள்.

மூச்சு உதவி படிப்படியாக ஏறும். முதல் படி, மூக்கு வழியாகச் சூடும் ஈரமும் சேர்த்து வேகமாகச் செலுத்தும் ஆக்சிஜன். கைக்குழந்தைக்கு வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர். அது போதாவிட்டால் இறுக்கமான மாஸ்க் வழியே அழுத்தம். அதுவும் போதாவிட்டால் வாய் அல்லது மூக்கு வழியாகக் குழாய், பிறகு வென்டிலேட்டர். மாஸ்க் போட்ட குழந்தைக்கு மூக்குத்தண்டில் சிவப்பு தெரிகிறதா என்று தினமும் பாருங்கள். சிவந்திருந்தால் அடியில் மெத்தென்ற ஒட்டுப்பட்டை வைக்கவும் மாஸ்க்கின் அளவை மாற்றவும் கேட்கலாம்.

குழாய் போட்ட குழந்தை அழுதாலும் சத்தம் வராது. குழாய் குரல் நாண்களுக்கு நடுவே போவதால் அப்படி; குரல் போய்விடவில்லை. எடுத்தபின் சில நாள் கரகரப்பு இருக்கும். குழாயில் நடக்கும் ஆபத்து பெரும்பாலும் நகர்வதால் வருவது. பிறந்த குழந்தையின் மூச்சுக்குழல் சுமார் 4 சென்டிமீட்டர்தான். தலை முன்னே குனிந்தால் குழாய் உள்ளே இறங்கி ஒரு பக்க நுரையீரலுக்குள் மட்டும் போகலாம். தலை பின்னே சாய்ந்தால் மேலே ஏறி வெளியே வந்துவிடலாம். எச்சில் ஊறிப் பிளாஸ்டர் இளகுவது, எக்ஸ்ரே எடுக்கத் தூக்குவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, மயக்கம் தெளிந்து குழந்தையே கையை வைப்பது: பாதிச் சம்பவங்கள் இந்த நாலுக்குள் அடங்கும் என்பது எங்கள் அனுபவ மதிப்பு. நல்ல பிரிவில் உதட்டருகே குழாய் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று ஒவ்வொரு டியூட்டியிலும் எழுதியிருப்பார்கள். திருப்பும்போது ஒருவர் குழாயையும் தலையையும் மட்டும் பிடித்திருப்பார். கட்டிலருகே கையால் மூச்சு கொடுக்கும் பையும் மாஸ்க்கும் சளி உறிஞ்சும் சக்‌ஷனும் தயாராகத் தொங்கும். வென்டிலேட்டர் குழந்தையின் ஆக்சிஜன் திடீரென்று விழுந்தால் அவர்கள் பார்ப்பது நாலு விஷயம்: குழாய் நகர்ந்ததா, சளி அடைத்ததா, நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்ததா, கருவி கோளாறா. அந்த நேரம் உங்களை நகரச் சொன்னால் கோபிக்க வேண்டாம், ஒரு நிமிடத்தில் முடிக்க வேண்டிய வேலை அது.

சிரிஞ்சிலிருந்து மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப்பைப் பற்றிப் பெற்றோரிடம் யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும். ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் அட்ரினலின் போன்ற மருந்தின் வேலை, நின்ற சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். சிரிஞ்ச் காலியாகிப் புதியது மாட்டும் இடைவெளியிலேயே அழுத்தம் சரியலாம். புதிய பம்ப் மெதுவான வேகத்தில் ஓடத் தொடங்கும்போது மருந்து உடலுக்குள் சேரவும் நேரம் ஆகும். அதனால்தான் தேர்ந்த நர்ஸ் பழையது தீரும் முன்பே புதியதை ஓடவிட்டுத் தயாராக வைத்து மாற்றுவார். பம்ப்பை நீங்கள் ஏற்றி இறக்க வேண்டாம். உயரம் மாறினால்கூட ஒரு சொட்டு கூடவோ குறையவோ போகும், இந்த மருந்துகளில் ஒரு சொட்டு பெரிது.

அளவெல்லாம் கிலோ கணக்கில் போடுவதால், சேரும்போது சொல்லும் எடைதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். தோராயமாகச் சொல்லாதீர்கள், கடைசியாக எடைபோட்டது எப்போது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். புள்ளி ஒரு இடம் தள்ளினால் மருந்து பத்து மடங்கு ஆகிவிடும் என்பது குழந்தை மருத்துவத்தின் பழைய சாபம். இருவர் சேர்ந்து சரிபார்ப்பது அதற்காகத்தான். ஒவ்வாமை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், போட்ட தடுப்பூசிகள், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னது மூன்று டியூட்டி தாண்டாது.

தொற்றைப் பொறுத்தவரை ஒரே அளவுகோல் போதும்: தேவையில்லாத குழாய் ஒருநாள்கூட உள்ளே இருக்கக் கூடாது. “சென்ட்ரல் லைன் இன்றும் தேவையா? யூரின் குழாய்?” என்று தினமும் டாக்டர்கள் பார்வையிட வரும் ரவுண்ட்ஸில் கேளுங்கள். சென்ட்ரல் லைன் என்பது பெரிய ரத்தக்குழாய்க்குள் போடும் மெல்லிய குழாய். லைனில் மருந்து ஏற்றும் முன் அதன் வாயை 15 நொடி ஆல்கஹால் துணியால் தேய்த்துக் காயவிடுகிறார்களா, மேலே ஒட்டிய ஒளிபுகும் பிளாஸ்டர் ஓரம் கிளம்பியிருக்கிறதா என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். கிளம்பியிருந்தாலோ நனைந்திருந்தாலோ ஏழு நாள் தவணைவரை காத்திருக்காமல் உடனே மாற்ற வேண்டும். கை கழுவச் சொல்லிக் கேட்டதற்கு முகம் சுளிக்கும் பிரிவென்றால் அதற்கே ஒரு மதிப்பெண் குறைத்துவிடலாம்.

எங்கள் பார்வையில் இந்தச் சேவையின் பலவீனமான பகுதி மயக்க மருந்தும் அதன் பின்விளைவும். போடும்போது எல்லாருக்கும் கவனம் இருக்கிறது, நிறுத்தும்போது குறைகிறது. மார்ஃபின், ஃபென்டனில், மிடசோலம் போன்றவை ஐந்து நாளைத் தாண்டி ஓடினால், குறைக்கத் தொடங்கிய ஓரிரு நாளில் உடல் கேட்கத் தொடங்கும். வியர்வை, நடுக்கம், விடாத கொட்டாவி, தும்மல், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரும். இதைப் புதுத் தொற்று என்று நினைத்து ரத்தம் எடுப்பதும், அடம் என்று நினைத்து விட்டுவிடுவதும் நடக்கிறது. எந்த மருந்து, எத்தனை நாள், எந்த வேகத்தில் குறைக்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். இது போதைப் பழக்கம் இல்லை, படிப்படியாகக் குறைத்தால் தீர்ந்துவிடும்.

இன்னொன்று மனக்குழப்ப நிலை. இல்லாததைப் பார்த்துக் கத்தும் குழந்தையை எல்லாரும் கவனிப்பார்கள். கண்ணைப் பார்க்காமல், கூப்பிட்டால் திரும்பாமல், பொம்மையைத் தொடாமல் அமைதியாகக் கிடக்கும் குழந்தை ‘சமர்த்து’ என்று பெயர் வாங்கிக்கொண்டு தப்பிவிடும். இந்த வகைதான் அதிகம் தவறவிடப்படுகிறது. இதைக் கண்டுபிடிப்பதில் அம்மா அப்பாவை மிஞ்சிய கருவி இல்லை. “இது எங்கள் குழந்தையின் இயல்பு இல்லை” என்று சொன்னால், குழப்ப நிலைக்கான மதிப்பெண் அட்டையைப் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடியோ காது கேட்கும் கருவியோ அணியும் குழந்தையென்றால் அதைக் கொண்டுவந்து மாட்டுங்கள். பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு, தெரிந்த குரல், தேவைக்கு மேல் மிடசோலம் ஓடாமல் இருப்பது: இவைதான் மருந்து.

உணவில் குறை அதிகமில்லை. முதல் ஓரிரு நாளிலேயே மூக்குக்குழாய் வழியாகப் பால் தொடங்குவது இன்று வழக்கம். குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று காற்றடித்துக் கேட்டுப் பார்ப்பது நம்பகமான முறை இல்லை. உறிஞ்சிய நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும், சந்தேகமென்றால் எக்ஸ்ரே. தாய்ப்பால் கொடுக்கும் அம்மா, குழந்தை குடிக்காத நாட்களிலும் ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பம்ப் செய்தால்தான் சுரப்பு நிற்காது. பம்ப்பும் மறைவான இடமும் கேட்டு வாங்கலாம்.

பேச்சு விஷயத்தில் பிரிவுக்குப் பிரிவு பெரிய வித்தியாசம். காலை ரவுண்ட்ஸில் பெற்றோரை நிற்கவிடும் இடத்துக்கு நாங்கள் முன்னுரிமை தருவோம். அங்கே மூன்று கேள்வி போதும்: நேற்றைவிட எது மேல், எது கீழ்? இன்றைக்கு என்ன மாற்றப் போகிறீர்கள்? என்ன நடந்தால் திட்டத்தை மாற்றுவீர்கள்? இருபது உறவினர் இருபது பேரிடம் கேட்டால் இருபது பதில் வரும். வீட்டில் ஒருவர் மட்டும் டாக்டரிடம் பேசி மற்றவர்களுக்குச் சொல்லட்டும். டியூட்டி மாற்றம் கட்டிலருகே நடந்தால் காது கொடுங்கள். ஒவ்வாமையோ, நேற்று எடுத்த முடிவோ விட்டுப்போனால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். குழந்தையின் நிலை மோசமாவதாக உங்களுக்குத் தோன்றியும் யாரும் அசையவில்லை என்றால், பொறுப்பு நர்ஸ், பிறகு மூத்த டாக்டர் என்று மேலே போகலாம். இதற்கு வழி எழுதி ஒட்டியிருக்கும் பிரிவு நல்ல பிரிவு. குணமாக்க முடியாத கட்டம் வந்தால், வலியில்லாமல் வைத்துக்கொள்ளும் சிகிச்சைக் குழுவை அழைக்கக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அவர்களை அழைப்பதால் மற்ற சிகிச்சை நின்றுவிடாது.

வார்டுக்கு மாற்றும் நாளில் எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவதால் கேள்வி கேட்க மறந்துவிடுகிறார்கள். ஒரு நர்ஸ் கூடவே இருந்த இடத்திலிருந்து ஒரு நர்ஸ் பலரைப் பார்க்கும் இடத்துக்குப் போகிறீர்கள். மயக்க மருந்து குறைப்புத் தாள், எந்த அறிகுறிக்கு யாரைக் கூப்பிடுவது, விழுங்கும் திறனைச் சோதித்தார்களா, எப்போது எழுந்து நடக்கலாம் என்பவை ஃபைலோடு போக வேண்டும். வீட்டுக்குப் போனபின் சில வாரங்களுக்குத் தசை பலவீனம், கெட்ட கனவு, தனியாக விடாமல் ஒட்டிக்கொள்வது எல்லாம் வரலாம். இரவில் அலாரம் அடிப்பதுபோல் உணர்ந்து எழும் பெற்றோரும் உண்டு. நீடித்தால் அவர்களுக்கும் மருத்துவ உதவி தேவை. ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஆன்டிபயாடிக் மருந்து நாள்கணக்கில் ஓடியிருந்தால் காது கேட்கும் சோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். இம்யூனோகுளோபுலினோ (நோய் எதிர்ப்புப் புரதம்) ரத்தமோ ஏற்றியிருந்தால், தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். இம்யூனோகுளோபுலின் அளவைப் பொறுத்து இது 11 மாதம்வரை நீளலாம். ஏற்றிய பொருள், அளவு, தேதி மூன்றும் டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்.