படத்தில் இருந்த பிரேக் பேட் என் காருடையதே இல்லை

ஜூன் விடுமுறையில் பிள்ளைகளோடு காரில் பினாங்கு போவதாக இருந்தோம். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, எஞ்சின் ஆயில் மாற்ற சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன்.

அரை மணி நேரத்தில் போன். "அண்ணே, முன் பிரேக் பேட் சுத்தமா தேஞ்சு போச்சு. பிள்ளைங்கள வச்சுக்கிட்டு இதோட ஹைவேல போகாதீங்க." வாட்ஸ்அப்பில் படமும் வந்தது. இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்த பேட். நம்மவர் தமிழில் பேசுகிறார், பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிறார், வேறென்ன வேண்டும்? மாற்ற 280 வெள்ளி (டாலர்). சரி என்றுவிட்டேன். வண்டியை எடுக்கும்போது பழைய பேட்டைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சு என்றார். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பினாங்கு போய் வந்த வாரம் டயரில் ஆணி ஏறியது. பக்கத்தில் இருந்த கடையில் சக்கரத்தைக் கழற்றிய சீனப் பெரியவரிடம், புது பேட் எப்படி என்று சும்மா கேட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார். பேட்டைப் பிடித்திருக்கும் காலிபரின் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை, பழைய துரு அப்படியே இருந்தது. பேட்டின் தடிமன் 6 மில்லிமீட்டர். புதியது 10ஐ ஒட்டி இருக்கும், 3க்கு இறங்கினால் மாற்றலாம் என்றார். அந்தப் பக்கச் சக்கரத்தையும் கழற்றச் சொன்னேன், அதே கதை.

அந்த வாட்ஸ்அப் படத்தைக் காட்டினேன். பேட்டிலிருந்து, தேய்மானத்தைக் காட்டும் சென்சார் ஒயர் ஒன்று தொங்குவதைச் சுட்டிக்காட்டினார். ஐரோப்பிய வண்டிகளில்தான் பெரும்பாலும் அது இருக்குமாம். என்னுடையது டொயோட்டா. அதில் பேட் ஓரத்தில் சின்ன இரும்புத் தகடு ஒன்று உண்டு, பேட் தேய்ந்தால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். என் வண்டி ஒருநாளும் கீச்சிட்டதில்லை. இதைக்கூட யோசிக்காமல் பணம் கட்டியிருக்கிறேன்.

பட்டறையிலிருந்து இப்படிப் போன் வந்தால் நேரில் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால், பேட்டைக் கழற்றுமுன் உங்கள் வண்டி எண் தெரிய வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சக்கர இடுக்கில் டார்ச் அடித்தால் நமக்கே வெளிப்பக்க பேட் தெரியும். ஆனால் உட்பக்கம் சில வண்டிகளில் சீக்கிரம் தேயும், அதைச் சக்கரம் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

பில்லையும் படங்களையும் அனுப்பி, சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போவேன் என்றேன். "பையன் வண்டி மாத்திப் பாத்துட்டான் அண்ணே" என்று சொல்லி 200 வெள்ளியைத் திருப்பி அனுப்பினார். மீதி 80 லேபராம். எந்த வேலைக்கு என்று கேட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்து ஒன்பது நாள் ஆகிறது.