ஓடவிட்ட பாட்டா, நேரில் கேட்ட கச்சேரியா?

வாழ்க்கை தடம் மாறிய ஓர் ஆண்டை நினைவில் நிறுத்துவதற்கு, திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு உதவுமா, ஒரே முறை நேரில் கேட்ட கச்சேரி உதவுமா என்று கேட்டால், சற்றுத் தயங்கியபடி கச்சேரியின் பக்கமே நான் சாய்வேன்.

பதிவான பாட்டு மாறுவதில்லை. வேலையை விட்ட வாரத்தில் இரவு 2 மணிக்கு, ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்த இயர்போனில் நான் ஓடவிட்ட அதே 4 நிமிடங்கள் இன்றும் அப்படியே கிடைக்கின்றன. ஆனால் அந்த வசதியே அதன் குறையாகவும் ஆகிவிடுகிறது: பிற்பாடு சமைக்கும்போதும் பயணத்திலும் அதையே கேட்டுக் கேட்டு, பழைய நினைவின் மேல் புதியவை படிந்துவிட்டன.

கச்சேரிக்கு அந்தச் சிக்கல் இல்லை. சரணத்தில் ஒரு வரியை மறந்து பாடகர் சிரித்துவிட, கூட்டமே அதை எடுத்துப் பாடி முடித்த அந்த நொடியும், மறுநாள் காலையிலும் மணிக்கட்டில் அழியாமலிருந்த நுழைவு முத்திரையின் ஊதா மையும் அந்த ஆண்டுக்கு மட்டுமே உரியவை. காதுக்குத்தான் சோதனை, அரங்குகளில் சராசரி ஒலியளவு 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்திருந்தாலும், ஒலிபெருக்கிக்கு அருகில் நிற்க விரும்புவோர் காதடைப்பானை மறக்காமல் எடுத்துச் செல்வது நல்லது. செலவைப் பொறுத்தவரை பாட்டே மலிவு. அதில் மறுபேச்சு இல்லை.