நாற்பதுக்கு மேல் வயலின்: பிருடை பற்றிய புலம்பல் சற்றுத் தூக்கலாக

வயலினைப் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கி வந்த செய்தி தெரிந்ததும் நண்பன் ஒருவன் கேட்டான்: "நானும் கத்துக்கலாம்னு பார்க்கறேன். இந்த வயசுல வருமாடா? ஒண்ணு வாங்கட்டுமா?" பதில் சொல்ல ஆரம்பித்தால் நீண்டுவிட்டது.

வயசுக்குப் பயப்பட வேண்டாம். குழந்தைகள் கால் சைஸ், அரை சைஸ் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். நமக்கு நேராக முழு வயலின். புரிந்துகொண்டு கற்பதிலும் ஒரு ருசி இருக்கிறது. முதல் பாடமான சரளி வரிசையை ஏன் மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பிக்கிறார்கள் என்று வாய்ப்பாட்டு கற்ற காலத்தில் எனக்கு விளங்கியதே இல்லை. வயலினைக் கையில் எடுத்ததும் விளங்கியது. ஸ, ரி, க, ம ஒரு தந்தியில். ப, த, நி, மேல் ஸ அடுத்த தந்தியில். இரண்டிலும் விரல் விழும் இடைவெளி ஒன்றேதான். ஆள்காட்டி விரல் அடியில் ஒட்டிக்கொள்ள, நடுவிரலும் மோதிர விரலும் தள்ளிப் போய் ஜோடியாக உட்காரும். ஒரு தந்தியில் பழகிவிட்டால் பாதி ராகம் இனாம்.

எல்லோரும் எச்சரிக்கும் அந்தக் கரகரப்பும் பெரிய விஷயமில்லை. வில்லை அழுத்தாமல் நேராக இழுக்கப் பழகும்வரை வீட்டில் இருப்பவர்கள் பாவம், அவ்வளவுதான். விரல் நுனி காய்த்துப் போகும். தரையில் சப்பணமிட்டு, வலது கணுக்காலில் வயலின் தலையை வைத்து உட்காரும்போது கால் மரத்துப் போகும். எல்லாம் பழகிவிடும்.

பழகாதது பிருடை.

வயலின் தலையில் தந்தியைச் சுற்றி, திருகிச் சுருதி ஏற்றி இறக்கும் முளை. வெறும் மரக்கூம்பு அது. 30 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் வீதம் விட்டம் குறைந்துகொண்டே போகும். அந்தக் கூம்பு துளைக்குள் உராய்ந்து பிடித்துக்கொள்வதை நம்பித்தான் நான்கு தந்திகளும் நிற்கின்றன. திருகு மரை கிடையாது, பூட்டு கிடையாது. மழை மாதத்தில் மரம் ஊறிக்கொண்டு அசையவே அசையாது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினால் ஒரேயடியாகத் தாவி, மேல் தந்தி முகத்துக்கு நேராக அறுந்து வரும். ஏசி அறையில் ஓர் இரவு வைத்தால் மரம் காய்ந்து சுருங்கி, காலையில் பெட்டியைத் திறக்கும்போது நான்கு தந்தியும் தொளதொளவென்று கிடக்கும். தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை வேறு சரிந்து படுத்திருக்கும். இவ்வளவுக்கும் நாம் மேற்கத்தியக்காரர்களைவிடத் தந்தியை இறக்கித்தான் கட்டுகிறோம். இழுவிசை குறைவு. இருந்தும் இந்தப் பாடு.

தந்தியின் மறுமுனையில் ஃபைன் ட்யூனர் என்ற சின்னத் திருகைப் போட்டுக்கொள் என்பார்கள். நான்கிலும் போட்டிருக்கிறேன். நூலளவு பிசகைச் சரிசெய்ய அது போதும். ஆனால் வகுப்பில் சுருதி 2 கட்டை, வீட்டில் மகள் பாட உட்கார்ந்தால் 5 கட்டை. அவ்வளவு தூரம் ஃபைன் ட்யூனர் ஏற்றாது, பிருடையைத்தான் தொட வேண்டும். எங்கள் சார் வில்லை இழுத்துக்கொண்டே இடது கையால் பிருடையை உள்ளுக்கு அழுத்தித் திருகி, பேச்சை நிறுத்தாமல் சுருதி சேர்த்துவிடுவார். அதைப் பார்க்கும்போது மரியாதையும் வரும், எரிச்சலும் வரும்.

வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த, முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் காலத்திலிருந்து இந்த வாத்தியத்தில் நம்மவர்கள் என்னவெல்லாம் மாற்றியிருக்கிறார்கள்! நின்று வாசித்ததைத் தரையில் உட்கார்ந்து வாசிக்க வைத்தார்கள், தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று மாற்றிக் கட்டினார்கள், ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்காக விரலை வழுக்க வைத்தார்கள். பிருடையை மட்டும் வந்தபடியே விட்டுவிட்டார்கள். 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா வயலின் வித்வான் தஞ்சை வடிவேலுவுக்குப் பரிசளித்த யானைத் தந்த வயலினிலாவது பிருடை ஒழுங்காக நின்றதோ என்னவோ.

நியாயமாகப் பேசினால் வயலின் இனத்தையே குறை சொல்லக்கூடாது. என்னுடையது மலிவு விலைத் தொழிற்சாலைச் சரக்கு. பழுதுபார்ப்பவர் பிருடையைக் கழற்றிக் காட்டினார். துளைகள் வட்டமாகவே இல்லை, பிருடை ஒரு பக்கம் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. துளையை மரம் வைத்து அடைத்து, புதிதாகக் கடைந்து, ரோஸ்வுட் பிருடை பொருத்திக் கொடுத்தார். கூலி வயலின் விலையில் பாதியைத் தொட்டது. வேலை சுத்தம். பல் சக்கரம் வைத்த பிருடைகளும் இருக்கின்றனவாம், மரப் பிருடை மாதிரியே தோற்றம், வழுக்கவே வழுக்காது என்றார். விலையையும் சொன்னார். பேச்சை மாற்றினேன்.

இவ்வளவு எரிச்சல் எதற்கு என்றால், இந்த வாத்தியம் தரும் ஆகப்பெரிய சந்தோஷமே சுருதியை நம்பித்தான் இருக்கிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ப தந்தியில் மோதிர விரலை வைத்து மேல் ஸட்ஜத்தை, அதாவது மேல் ஸ-வைப் பிடி. விரல் மயிரிழை தப்பினாலும் ஒன்றும் நடக்காது. சரியான இடத்தில் விழுந்தால், வில்லே தொடாத பக்கத்து ஸ தந்தி தானாக அதிரும். கண்ணால் பார்க்கலாம். வில்லை எடுத்த பிறகும் ஒரு கணம் ஒலித்துக்கொண்டிருக்கும். வீணையில் தந்திக்கு அடியில் மெட்டு என்ற குறுக்குக் கம்பிகள் இருக்கின்றன, இடம் காட்டும். இதில் மெட்டு இல்லை. அந்த அதிர்வுதான் "இதுதான் இடம்" என்று சொல்லும். முதல்முறை அது நடந்தபோது, அலுவலகக் கவலை எல்லாம் போய், அந்த ஒரே ஸ்வரத்தை ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டிருந்தேன். பிருடை அரைக்கால் சுற்று வழுக்கினால் போதும், அந்த வாத்தியார் ஊமையாகிவிடுவார். கோபம் அதற்குத்தான்.

ஆகவே நண்பா, வயசு தடையில்லை, கற்பது சுகம், தப்பான இடத்தில் விரலை விட்டால் வாத்தியமே காட்டிக்கொடுக்கும். இத்தனையும் சொல்லிவிட்டுச் சொல்கிறேன்: வாங்காதே. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். முந்தாநாள் கேட்டிருந்தால் நாலரை போட்டிருப்பேன். நேற்றைக்குப் புதுப் பிருடையும் மூன்றாம் தந்தியில் வழுக்கிவிட்டது, புது மரம் உட்கார நாளாகும் என்று பழுதுபார்ப்பவர் போனில் சமாதானம் சொல்கிறார்.

அப்படியும் வாங்கத்தான் போகிறாய் என்றால், கடையில் மெருகைப் பார்க்காதே, தலைப்பக்கம் பார். நான்கு பிருடையையும் திருகிப் பார்த்து, சுருதி சேர்த்துத் தரச் சொல்லிவிட்டு, எதிரே ஒரு காபி குடித்துவிட்டு வந்து மறுபடி தந்தியை மீட்டிப் பார். இறங்கியிருந்தால் அடுத்ததை எடுக்கச் சொல். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.