வடவள்ளியில் சைக்கிள் சர்வீஸ்: ஃபோர்க் மாற்றணுமா, கேபிள் மாற்றணுமா?

சிங்கப்பூரிலிருந்து இந்தமுறை கோவை போனதும் அக்கா பையன் பிடித்துக்கொண்டான்: "மாமா, என் சைக்கிளை அப்கிரேட் பண்ணணும்." 16,000 ரூபாய்க்கு வாங்கிய தொடக்கநிலை மவுண்டன் பைக். 21 கியர், முன்சக்கரத்தைத் தாங்கும் கவையாக ஸ்ப்ரிங் வைத்த ஃபோர்க், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். வெளிநாட்டிலிருந்து வரும் மாமா சித்தப்பாக்களிடம் இப்போது பிள்ளைகள் கேட்பது இதைத்தான் என்பதால், இரண்டு கடைகளில் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் போனது நகரத்துக்குள் ஒரு பெரிய ஷோரூம். வண்டியை ஒரு சுற்று ஓட்டிக்கூடப் பார்க்காமல் எஸ்டிமேட் போட்டார்கள்: ஸ்ப்ரிங்குக்குப் பதில் காற்றில் இயங்கும் ஏர் ஃபோர்க், 10 ஸ்பீடு கியர் செட், கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக். கூட்டினால் சைக்கிள் விலையைத் தாண்டியது. தொகையைவிட, சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் கோபம். இந்த 21 கியர் வண்டிகளின் பின்சக்கரத்தில் இருப்பது பெரும்பாலும் மரையில் முறுக்கி ஏற்றும் 7 ஸ்பீடு பல்சக்கர அடுக்கு, அதாவது ஃப்ரீவீல். 10 ஸ்பீடு காசெட் என்பது செருகி ஏற்றும் அடுக்கு; அது அந்த ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், உட்காராது. ஹப்பையே மாற்ற வேண்டும், அதாவது கிட்டத்தட்ட ஒரு புதுப் பின்சக்கரம். ஃபோர்க்கிலும் சிக்கல் உண்டு. 80 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க்குக்குக் கணக்குப்போட்டுச் செய்த ஃப்ரேமில் 120 போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஏற்றத்தில் ஹேண்டில் அலையும், ஃப்ரேமின் கழுத்தில் சுமை கூடும். விவரம் தெரியாத பையனிடம் இதை மறைத்து விற்பது நியாயமே இல்லை.

அடுத்து, வடவள்ளியில் தெருவோரமாக இருக்கும் சின்னக் கடை. அங்கிருந்த பெரியவர் வண்டியைப் பின்னாலிருந்து குனிந்து பார்த்தார். "ஏனுங்க, இதுக்கு ஃபோர்க்கெல்லாம் எதுக்குங்க? கியர் தொங்கற கொக்கியே உள்ள வளைஞ்சு கெடக்குது."

அவர் அதை நிமிர்த்திய விதம் அழகு. வேறொரு பின்சக்கரத்தை எடுத்து, அதன் அச்சை ஹேங்கர் எனும் அந்தக் கொக்கியின் மரையிலேயே முறுக்கினார். இப்போது இரண்டு சக்கரங்கள் பக்கம்பக்கமாக நிற்கின்றன. நடுவில் உள்ள சந்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஒரே அளவாகும்வரை மெல்ல வளைத்தார். கடையில் விற்கும் அளவுகருவி செய்வதும் இதே வேலைதான். பிறகு துருப்பிடித்த கேபிள்களை உறையோடு மாற்றினார், ரிம்மில் பெண்டு எடுத்தார், ஹப் பேரிங்கைக் கழுவி கிரீஸ் வைத்தார். கேபிள் டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் ஒரு பக்கப் பேட்தான் நகரும். அசையாத பேடை டிஸ்க்குக்கு ஒட்டினாற்போல் திருகி வைத்ததும், பிரேக் மாற்றியே ஆகவேண்டும் என்ற பேச்சு நின்றுவிட்டது. சாமானும் கூலியும் சேர்த்து 1,000 ரூபாய்க்குள். மாலையே வண்டி கையில்.

நான் செலவழித்தது டயருக்கு. அந்தப் பக்கம் மண் தடமெல்லாம் சீமைக்கருவேல முள். பட்டன் ஆழமுள்ள நல்ல டயர் ஒரு ஜோடி, ட்யூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம், 30 முதல் 35 பிஎஸ்ஐ காற்று. பங்க்கில் 60 அடித்துவிடுகிறார்கள், சரளைக்கல்லில் டயர் பிடிக்காமல் வழுக்குகிறது. வழுக்காத அகலப் பெடல் ஒரு ஜோடியும் வாங்கிக் கொடுத்தேன். தொடக்கக்காரருக்கு உடனே வித்தியாசம் தெரிவது தரையையும் காலையும் கையையும் தொடுகிற சாமான்களில்தான்.

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் உள்ள கேத்தாம் பைக் பார்க்கில் கருப்பு வைரக் குறியிட்ட கடினமான தடத்தில் இறங்குவதானால் நானே நல்ல ஃபோர்க் கேட்பேன். இவன் ஓட்டுவது குளக்கரையும் தோட்டத்து வண்டித்தடமும். மருதமலை, ஆனைகட்டிப் பக்கம் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையவும் கூடாது, யானை நடமாடும் இடம்.

ஃபோர்க்குக்கு எடுத்துவைத்த பணத்தை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு வருடம் விடாமல் ஓட்டினால் அது அடுத்த வண்டிக்கு. அப்போது பார்க்க வேண்டியதையும் அவனுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று: காசெட் ஏற்கும் ஹப், முன்னால் ஒற்றைப் பல்சக்கரம், ஹைட்ராலிக் பிரேக், சக்கரத்தை ஊடுருவி முறுக்கும் தடித்த அச்சான த்ரூ ஆக்சில்.